பத்தொன்பதாம் எண் குட்டி

22.2.2024

காலை ஆறரைக்கே மஞ்சவாடிக் கணவாய்க்குப் போய்விட்டேன். குரங்குக் கூட்டம் இன்னும் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் புளியமரத்தில்தான் இருந்தது. எண்ணினேன். ஐம்பத்து நான்கு. ஒன்றும் குறையவில்லை. போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர் இரண்டு நாள் மெனக்கெட்டு எண்ணிவிட்டு, முதல் நாள் நாற்பத்தொன்பது என்றார், மறுநாள் அறுபது என்றார். நான் டீ குடித்துக்கொண்டே எண்ணுகிறேன். பீற்றிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் நாட்குறிப்பிலும் பீற்றிக்கொள்ளாவிட்டால் வேறு எங்கே போய்ப் பீற்றிக்கொள்வது?

இந்த வேலைக்கு வந்து இன்றோடு மூன்று வருடம். அதற்கு முன்னால் பாப்பிரெட்டிப்பட்டி ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். விலங்கியல் படித்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. நேர்காணலில், இந்த ஆராய்ச்சியை நடத்தும் சந்திரமோகன் சார் இருபது குரங்குகளின் படத்தைக் காட்டினார். பிறகு கலைத்துப் போட்டு, வேறு கோணத்தில் எடுத்த படங்களைக் காட்டி எது எது என்று கேட்டார். இருபதையும் சொன்னேன். "எப்படிங்க?" என்றார். "கஸ்டமர் மூஞ்சிய மறந்தா எங்க மொதலாளி திட்டுவாருங்க சார்" என்றேன். அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்.

வேலை இதுதான். மலைப்பாதையில் லாரிக்காரன் வளைவில் ஏர் ஹாரன் அடிப்பான். குரங்குகள் மிரளும். எது எவ்வளவு மிரள்கிறது, எத்தனை நொடி கழித்து மறுபடி தின்னத் தொடங்குகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறிக்க வேண்டும். மறுநாள் அது போடும் மலத்தைக் குப்பியில் எடுத்து, பேர் எழுதி, கோயம்புத்தூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முந்தின நாள் எவ்வளவு பதறியது என்பதை மலத்தில் இருக்கும் ஹார்மோன் காட்டிக்கொடுத்துவிடும். எது யாருடைய குட்டி என்பதை மரபணு சொல்லிவிடும். பயந்த சுபாவம் ரத்தத்தில் வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா? இதுதான் சாரின் கேள்வி.

இவர் தன் மோட்டார் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டே எல்லோரிடமும் சொல்கிறார்: "எங்கூட்டுக்காரி கொரங்குப் பீ பொறுக்குறா." சொல்லும்போது முகத்தில் பெருமைதான் தெரிகிறது. எனக்குத் தெரியாதா?

1.3.2024

குரங்குகளுக்குச் சார் எண் கொடுக்கச் சொல்கிறார். எண்ணும் கொடுக்கிறேன், பேரும் வைக்கிறேன். பேர் முழுக்க இவர் பக்கத்து உறவுக்காரர்களுடையது. கூட்டத்திலேயே பொறுமைசாலிக்கு இவருடைய அக்கா தீர்த்தம்மாள் பேரை வைத்திருக்கிறேன். அந்த அண்ணி, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தபோது ஈரச்சாக்கைப் போட்டு மூடிவிட்டு, அதே கையோடு அடுத்த பூரியைத் தேய்த்தவர்.

"எங்க அக்கா பேர ஒரு கொரங்குக்கு வெச்சிருக்கியே, அதுக்குத் தெரிஞ்சா என்னா ஆவும்?"

"மரியாதைக்குத்தாங்க வெச்சேன்."

குரங்குத் தீர்த்தம்மாளும் அப்படியேதான். ஹாரன் அடித்தால் ஒரு தடவை தலையைத் தூக்குவாள். பன்னிரண்டு நொடி, பதினைந்து நொடி. மறுபடி புளியம்பழம். அவளுக்கு நேர் எதிர் மிரளி. அவளுக்கு மட்டும் உறவுக்காரர் பேர் கிடைக்கவில்லை. மரத்தின் உச்சிக்கு ஏறி, பல்லைக் காட்டி, நடுங்கி, கீழே இறங்க ஏழு நிமிடம் ஆகும். அவளுடைய அம்மாவும் அப்படித்தான், தம்பியும் அப்படித்தான். மூன்று பேரின் குப்பியிலும் ஹார்மோன் எகிறிக் கிடக்கிறது என்று ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் சுசித்ரா சொன்னாள்.

தீர்த்தம்மாளுக்கும் மிரளிக்கும் இப்போது நிறைமாதம். இந்த வருடப் பிறப்பு ஒன்றையும் தவறவிட மாட்டேன் என்று சாரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று வருடத்தில் பதினாறு பிறப்பு, பதினாறும் கண்ணால் கண்டது. பிறப்புப் பதிவேட்டில் ஒரு பத்தி உண்டு, 'கண்டது / ஊகம்' என்று. என் பதிவேட்டில் ஊகம் என்ற சொல்லே கிடையாது.

10.3.2024

போச்சு. நாளைக்கு இவர் ஊரில் மாரியம்மனுக்குக் காப்பு கட்டுகிறார்கள். இந்த வருடம் இவர் தீச்சட்டி எடுப்பதாக வேண்டுதல். காப்பு கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை நாங்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒன்பது நாள்! அதுவும் பென்னாகரம் தாண்டி.

"பிறப்பு சீசன்ல போறதாங்க?" என்று கேட்டேன்.

"மாரியாத்தாகிட்ட சொல்லி தேதிய மாத்தி வெக்கச் சொல்லட்டுமா?" என்கிறார்.

இந்த வாரம்கூட இரண்டு பிறப்பைப் பார்த்துப் பதிவேட்டைப் பதினெட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்று வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். சாரிடம் விடுமுறை கேட்டேன். "தாராளமா போய்ட்டு வாங்க. அந்த நாட்கள்ல பிறந்தா ஊகம்னு போட்டுக்கலாம்" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

20.3.2024

வந்துவிட்டேன்! முதல் பஸ்ஸில் இறங்கி நேராகக் கணவாய்க்குப் போனேன். தீர்த்தம்மாளின் வயிற்றில் ஒரு குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. பெண் குட்டி. கறுப்பு முடி, ரோஸ் முகம், காது இரண்டும் மடிந்திருந்தன. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணியின் மகள் பேரையே வைத்தேன், கவிப்பிரியா. கூப்பிட கவி. பிறப்புப் பதிவேட்டில் பத்தொன்பதாம் எண்.

'கண்டது / ஊகம்' பத்திக்கு வந்ததும் பேனா நின்றது.

பார்க்கவில்லைதான். ஆனால் பார்த்த மாதிரிதானே? போகும்போது வயிறு, வரும்போது குட்டி. பதினெட்டு 'கண்டது'வுக்குக் கீழே ஒரே ஒரு 'ஊகம்', வெள்ளை வேட்டியில் விழுந்த வெற்றிலைக் கறை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

'கண்டது' என்று எழுதினேன். பிறந்த தேதி 19.

21.3.2024

டீக்கடை ஆண்டி சொன்னார், நான் இல்லாதபோது ஒரு குரங்கு லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டதாம். லாரிக்காரர்களோடு சேர்ந்து துண்டில் சுற்றி, மஞ்சள் தெளித்து, பால் ஊற்றிப் புதைத்தார்களாம். ஆணா பெண்ணா என்று கேட்டேன். "அதெல்லாம் பாக்கலீங்க குரங்கு மேடம்" என்றார். கூட்டத்தில் இருக்கும் காது கிழிந்த கிழட்டு ஆண் நான் வந்ததிலிருந்து கண்ணில் படவில்லை. அதுவாகத்தான் இருக்கும்.

7.4.2024

கிழட்டு ஆண் திரும்பி வந்துவிட்டது. மிரளியைத்தான் காணோம். இரண்டு வாரமாகத் தேடுகிறேன். 'காணவில்லை' என்று எழுதினேன். வயிற்றுப் பிள்ளைக்காரி. மனசு சரியில்லை.

16.5.2024

கவிக்கு இரண்டு மாதம். இன்று எனக்குப் பெரிய குழப்பம்.

தீர்த்தம்மாள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். கவி இரண்டடி தள்ளி ஒரு குச்சியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். ஹாரன் அடித்தது. கவி போட்ட கத்தலில் நானே எழுந்து நின்றுவிட்டேன். உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கி, வாய் கோணி, ஓடி வந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டாள். தீர்த்தம்மாள் என்ன செய்தாள்? ஒரு கையால் அணைத்துக்கொண்டாள், மறு கையில் இருந்த பழத்தைத் தின்று முடித்தாள். அவ்வளவுதான். குட்டி அடங்க ஆறு நிமிடம் நாற்பது நொடி ஆனது.

இப்படிப்பட்ட தாய்க்கு இப்படி ஒரு குட்டியா? சாருக்கு எழுதினேன். "அப்பா யாரென்று தெரியாதே, அங்கிருந்து வந்திருக்கலாம்" என்று பதில் போட்டார்.

30.5.2024

கவி: ஆறு நிமிடம் பத்து நொடி. தீர்த்தம்மாள்: பதினோரு நொடி.

12.8.2024

எழுதினால் நம்ப மாட்டார்கள். கவி ஒரு நிமிடம் ஐம்பது நொடி!

மிரள்வது குறையவில்லை. அதே கத்தல், அதே நடுக்கம். ஆனால் ஓடி வந்து ஒட்டிக்கொண்டதும் தீர்த்தம்மாளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறாள். அந்த முகத்தில் ஒன்றுமில்லை, மென்றுகொண்டிருக்கிறது. இவளும் கொஞ்ச நேரத்தில் அம்மா கையிலிருக்கும் பழத்துக்குக் கை நீட்டுகிறாள். மூன்று மாதமாகத் தொண்ணூறு தடவைக்கு மேல் அளந்திருக்கிறேன். தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டால் மலைப்பாதை இறக்கம் மாதிரி இறங்குகிறது. இந்தக் கோட்டை இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் பார்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வண்டியில் வந்தேன். மஞ்சவாடியிலிருந்து வீடுவரை என் முகத்தில் சிரிப்பு இருந்திருக்க வேண்டும். எதிரே வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

25.9.2024

பொம்மிடி ஸ்டேஷனுக்குச் சுசித்ராவே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். நூற்றுப்பத்துக் குப்பி. "அக்கா, ஒருவாட்டி லேபிள் எல்லாம் சரி பாத்துக்கலாமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "என் லேபிள்ல தப்பு வந்ததா சரித்திரமே இல்லம்மா" என்றேன். பாவம், சரிபார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

11.2.2025

சார் போன் செய்தார். குரல் சரியில்லை. பத்தொன்பது குட்டிகளில், முதல் தவணையாக ஆறின் மரபணு முடிவு வந்துவிட்டது. ஐந்து அம்மாவோடு பொருந்துகிறது. பத்தொன்பதாம் எண் பொருந்தவில்லை. தீர்த்தம்மாள் அதற்குத் தாயாக இருக்க வாய்ப்பே இல்லை.

"நீங்க பிறப்பைக் கண்ணால பாத்திருக்கீங்க. அப்ப குப்பி மாறினது இங்கதான்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை?

13.2.2025

ஆய்வகத்தில் பெரிய ரகளையாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் சுசித்ரா பொறுப்பில் இருந்த ஒரு பெட்டிக் குப்பிகள், குளிர்பெட்டி நின்றுபோனதால் கெட்டுப்போயினவாம். அதனால் எல்லோருடைய கண்ணும் அவள்மேல்தான். இந்த மாதக் கடைசியில் குழு கூடி அவளுடைய ஆராய்ச்சியை நீட்டிப்பதா என்று முடிவு செய்யப்போகிறது. என்னிடம் போனில் அழுதாள்.

"அக்கா, ஒவ்வொரு குப்பியும் நான் ரெண்டுவாட்டி பாத்துத்தான் வெச்சேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. உங்க ரெஜிஸ்டர்ல கண்டதுன்னு இருக்கில்ல. அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. அந்த மதிப்பால்தான் அவள் கழுத்தில் கத்தி விழப்போகிறது.

இரவு போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

14.2.2025

பிறந்தது 19ஆம் தேதி என்று எழுதினேனே, அன்றைக்கு நான் எங்கே இருந்தேன்? பென்னாகரம் பக்கத்தில் மஞ்சள் துணியோடு கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு ஆளும் கேட்கவில்லை. கேட்காததால் சரியாகிவிடுமா?

ஒருவேளை குப்பி உண்மையிலேயே மாறியிருக்கலாம் இல்லையா? இல்லை. எனக்குத் தெரியும். அந்தக் கத்தல். அந்த நடுக்கம். ரெண்டு மாசக் குட்டியப் பாத்தப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். தட்டுச்சு. நான்தான் கண்ண மூடிக்கிட்டேன்.

15.2.2025

ஆண்டியிடம் போனேன். போன வருடம் அடிபட்ட குரங்கைப் பற்றி மறுபடி கேட்டேன். இந்தத் தடவை பெஞ்சில் உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டேன்.

"பக்கத்துல வேற ஏதாச்சும் இருந்துச்சாங்க?"

"இருந்துச்சுங்களே. ஒரு பொடிக்குட்டி. செத்த கொரங்கு மேலயே படுத்துக்கிட்டு வீச்சு வீச்சுன்னு கத்துச்சு. நாங்க கிட்டப் போனா எதுவும் பண்ணிருமோன்னு நின்னுட்டு இருந்தோம். அப்பத் தடியா ஒரு கொரங்கு மரத்துலேர்ந்து எறங்கி வந்துச்சு. லாரி போவுது, வருது, அது பாட்டுக்கு வந்து குட்டிய எடுத்து வயித்துல போட்டுக்கிட்டுப் போயிருச்சு. எதுக்கும் பயப்படல."

"இத ஏன் எங்கிட்ட அப்பவே சொல்லல?"

"நீங்க ஆணா பொண்ணான்னுதான கேட்டீங்க. அதுக்கு மேல நீங்க கேக்கலீங்களே. இந்தக் கொரங்குங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாததான்னு நான் இருந்துட்டேன்."

டீ ஆறிப்போனது. குடிக்காமலே வந்தேன்.

காப்பு கட்டிய ஒன்பது நாளுக்குள் மிரளி பெற்றிருக்கிறாள், லாரியில் அடிபட்டுச் செத்திருக்கிறாள். தீர்த்தம்மாளுக்கும் பிரசவம் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் ஏது? அவளுடைய சொந்தக் குட்டி என்ன ஆனது? தெரியாது. அது தெரியவே போவதில்லை. அங்கே இல்லாத ஒருத்தி 'கண்டது' என்று எழுதிவிட்டாள்.

16.2.2025

எங்கள் வம்சத்தில் மன்னிப்புக் கேட்கும் ரத்தம் கிடையாது. என் அம்மாவும் சின்னம்மாவும் பதினோரு வருடம் பேசவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையை நேரில் வைக்காமல் ஆளிடம் கொடுத்தனுப்பியதுதான் காரணம். தப்பு அம்மாவுடையதுதான். அம்மாவுக்கே தெரியும். கடைசிவரை வாயிலிருந்து வரவில்லை. சின்னம்மா செத்த வீட்டில் மாலை போட்டுவிட்டு, நின்றபடியே திரும்பி வந்தாள். அவள் மகள்தானே நான்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காயில் கட்டுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"சொல்லலைன்னா அந்தப் புள்ளைக்கு வேல போவும். சொன்னா உனக்குப் போவும். அப்படித்தான?"

"வேல போனாப் போவட்டுங்க. நாலு வருஷம் நான் எழுதுனது எல்லாம் பொய்யின்னு ஆயிருமே."

"மத்ததெல்லாம் உண்மைதான?"

"உண்மைங்க. ஒவ்வொண்ணும்."

"அப்பப் போயி சொல்லு."

"எங்க அம்மா ரத்தங்க எனக்கு. வாயில வராது."

சிரித்துவிட்டார். "கல்யாணமாயி பதினாறு வருசமா நான்தான வளத்துக்கிட்டு இருக்கறேன் உன்ன. வரும், போ."

எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. இந்த மனுஷனைச் சாதாரணமாக எடை போட்டுவிட்டேனோ?

17.2.2025

நாளை காலை பொம்மிடியில் ரயில். பதிவேட்டைப் பையில் வைத்துவிட்டேன்.

18.2.2025

சொல்லிவிட்டேன்.

சேலத்தில் வண்டி மாறி, கோயம்புத்தூர் போய்ச் சேரப் பதினொன்றரை ஆனது. சாரின் அறையில் சுசித்ராவையும் வரச் சொன்னேன். அவள் கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஆதரவுக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

பதிவேட்டை மேசையில் விரித்தேன். "பத்தொன்பதாம் எண் பிறந்தத நான் பாக்கலைங்க சார். பாத்தேன்னு எழுதிட்டேன். குப்பி மாறல. சுசித்ரா மேல தப்பு இல்ல. தப்பு என்னுது" என்றேன்.

ரயிலில் முப்பது விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். கடைசியில் இது மட்டும்தான் வந்தது.

சார் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஏன்?" என்றார்.

"ஒரு பிறப்பத் தவறவிட்டேன்னு எழுத மனசு வரலைங்க."

"ஊகம்னு போட்டிருந்தா உங்கள யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்களே."

"தெரியுங்க சார். நானே என்னச் சொல்லிக்குவேன்."

சுசித்ரா எழுந்தாள். "ஏழு நாளா நான் தூங்கலைக்கா" என்றாள். கத்தவில்லை. அவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். கத்தியிருக்கலாம்.

பிறகு ஆண்டி சொன்னதைச் சொன்னேன். சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மிரளியின் பழைய குப்பி 2023ஆம் வருடத்தது இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது, அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொன்னார், அதை அப்படியே எழுதிவைக்கிறேன்: "உங்க கண்ணை நம்பித்தான் இந்த வேலையே நடக்குது. இப்ப மீதிப் பதிமூணு குட்டியையும் நான் சந்தேகப்படணும். சந்தேகப்படுவேன். நீங்க வேலைக்கு வாங்க. ஆனா முடிவு வர்ற வரைக்கும் பதிவேட்டுல நீங்க தனியா கையெழுத்துப் போட வேண்டாம்."

தப்பைத் திருத்தும் முறை என்று ஒன்று இருக்கிறது. கிறுக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒரே கோடு. பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி. சாரின் முன்னாலேயே 'கண்டது' மேல் கோடு போட்டேன். பிறந்த தேதிமேலும் போட்டேன். பக்கத்தில் 'ஊகம்' என்று எழுதினேன்.

திரும்பி வரும் ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பொம்மிடிவரை நின்றுகொண்டே வந்தேன். விசித்திரமாக இருக்கிறது, எனக்கு என்மேல் மரியாதையாக இருந்தது.

5.3.2025

வனத்துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் தினமும் வந்து என் பக்கங்களில் இரண்டாம் கையெழுத்துப் போடுகிறார். நான் ஒரு குரங்கைக் காட்டிப் பேர் சொன்னால், படத்தை எடுத்து வைத்துச் சரிபார்க்கிறார். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இதுவரை ஒன்றுகூடத் தப்பாகவில்லை. அவரே இன்று, "இந்தப் படமே வேண்டாம்போல இருக்குதுங்க" என்றார். "வேணுங்க, பாருங்க" என்றேன்.

சுசித்ரா பேசுவதில்லை. குப்பிகளை வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்கிறாள். "அடுத்தது." "அடுத்தது." வேறு பேச்சில்லை. அவளுக்கு நீட்டிப்புக் கிடைத்துவிட்டது என்று சார் சொல்லித்தான் தெரியும்.

2.4.2025

மிரளிதான். நூற்றுக்கு நூறு மிரளிதான் தாய்.

மீதிப் பதிமூன்று குட்டியும் நான் எழுதிய அதே அம்மாக்களோடு பொருந்திவிட்டன. பதிமூன்றும்! சார் போனில் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார், நான் ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டேன். பதிமூன்றாவது "ம்" வெளியே வரவில்லை. இவர் கடையிலிருந்த ஆட்கள் எல்லோருக்கும் டீ சொன்னார். ஏன் என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் குடித்தார்கள்.

கவியின் பேரை மாற்ற வேண்டுமா என்று யோசித்தேன். மாற்றவில்லை. வளர்த்தவள் குடும்பத்துப் பேரே இருக்கட்டும். எண்ணும் அதே பத்தொன்பதுதான்.

24.6.2025

ஹார்மோன் முடிவுகளைச் சுசித்ரா கோடாக வரைந்து அனுப்பியிருக்கிறாள். நான் பத்துத் தடவை பார்த்துவிட்டேன்.

குட்டியாக இருக்கும்போது ஹாரனுக்கு மறுநாள் கவியின் அளவு எகிறுகிறது, மிரளியின் உறவுக்காரர்கள் எல்லோரையும் போலவே. இப்போதும் எகிறத்தான் செய்கிறது. ஆனால் அவர்களுக்கு மூன்று நாளானாலும் இறங்காது. கவிக்கு அடுத்த நாளே இறங்கிவிடுகிறது. என் ஸ்டாப்வாட்ச் கோடும் அந்தக் கோடும் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் உட்காருகிறது.

சாருக்குப் போன் போட்டு, "மிரள்றது பெத்தவகிட்டருந்து, மீள்றது வளத்தவகிட்டருந்து, அப்படித்தான சார்?" என்றேன்.

"ஒரே ஒரு குட்டிய வெச்சு அப்படிச் சொன்னா என்ன அடிச்சே கொன்னுடுவாங்க. அப்பா யாருன்னு தெரியல. இன்னும் பத்து குட்டி வேணும். ஆனா..." என்று இழுத்தார். "நல்ல கேள்வி கிடைச்சிருக்கு. இந்த மாதிரி வளர்ப்பு மாறினத நாமளா செஞ்சு பாக்க முடியாது, செய்யவும் கூடாது. இது தானா நடந்திருக்கு, அத நாள் விடாம அளந்து வெச்சிருக்கீங்க."

கட்டுரையில் நடந்த தப்பையும் எழுதப்போகிறாராம். பிறப்பைக் கண்டதாகக் களப் பணியாளர் பதிந்தது, பிறகு அவரே வந்து திருத்தியது, எல்லாமும். எழுதலாமா என்று என்னைக் கேட்டார். என் பேரைப் போட்டே எழுதச் சொன்னேன். களப் பணியாளர் என்றால் யாரோ என்று ஆகிவிடும்.

25.6.2025

கவி இன்று: பத்தொன்பது நொடி. தீர்த்தம்மாள் பக்கத்தில்கூட இல்லை. தானாகவே.

3.7.2025

சுசித்ரா போனில் குப்பிகளைப் பார்த்து முடித்துவிட்டு வைக்காமல் இருந்தாள். அப்புறம், "அக்கா, கவி எப்படி இருக்கா?" என்றாள். அரை மணி நேரம் பேசினோம். கவியைப் பற்றி மட்டும்தான்.

9.8.2025

சுசித்ரா பாப்பிரெட்டிப்பட்டிக்கே வந்துவிட்டாள், பெட்டியை எடுத்துப் போக. கணவாய்க்கு அழைத்துப் போய்க் கவியைக் காட்டினேன். இவ்வளவு நாள் குப்பியில் மட்டும் பார்த்த ஆளை நேரில் பார்க்கிறாள். "இவ்ளோண்டு இருக்கா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கவி அவளைப் பார்த்து மிரண்டு மரத்தில் ஏறினாள், ஏறிய வேகத்தில் இறங்கி வந்தாள்.

ஆண்டி கடையில் பெட்டியை வைத்தோம். அறுபத்திரண்டு குப்பி. சுசித்ரா பெறுகைச் சீட்டை எடுத்தாள், பேனாவை எடுத்தாள், பெட்டியைத் திறக்கவே இல்லை. நேராகக் கையெழுத்துப் போடப் போனாள்.

அவள் மனசு எனக்குப் புரிந்தது. ஒரு நிமிடம் ஆசையாகக்கூட இருந்தது.

சீட்டைப் பிடித்து இழுத்தேன். "பாக்காமப் போடாத."

"பரவால்லக்கா."

"பரவால்லைன்னு நீ சொல்லாத. ஒவ்வொண்ணா எடு. நான் படிக்கறேன், நீ பாரு."

ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆண்டி மூன்று தடவை டீ வைத்தார். நாற்பத்தோராவது குப்பியில் சுசித்ரா நிறுத்தினாள். குப்பியில் ஆறாம் தேதி, பதிவேட்டில் ஏழாம் தேதி. குப்பியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அன்றைய களக்குறிப்பைப் புரட்டினேன். ஏழுதான் சரி, குப்பியில் எழுதியதுதான் தப்பு. என் கையெழுத்துதான். ஒரே கோடு போட்டு, ஏழு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டேன். பிறகு நாற்பத்திரண்டாவதை எடுக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். "அந்தப் புள்ள வந்துட்டுப் போச்சா? அறுபத்திரண்டும் சரிதான?"

"அறுபத்தொண்ணுங்க" என்றேன். தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன்.